தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பிள்ளையை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊருக்குள் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாழி தவிடு கொடுத்து வாங்கினேன். அதுவும் என் பசுவுக்கு வைத்திருந்த தவிடு. அதற்காக ஒரு ஜீப்பும் டாக்டரும் நர்ஸுமாக என் முற்றத்துக்கு வந்து, என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். பூதப்பாண்டியில் பாதிப்பேருக்குப் பள்ளிக்கூடத்தில் சாம்பார் ஊற்றி வளர்த்தவள் நான். நேசபாய் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நாய்கூட வழி காட்டும். எனக்கு இந்தக் கதி.

பக்கத்து வீடு பகவதியப்பன் அண்ணாச்சியுடையது. கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மனைவி இல்லை. ஒரே மகன் ராஜகுமார் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். வீட்டில் அண்ணாச்சியும் மருமகள் ஆதிராவும்தான். அண்ணாச்சி நல்ல மனுஷர், கடன் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். ஆனால் தெரியாது என்றும் சொல்லமாட்டார். மழை எப்போது வரும், சர்க்கரை வியாதிக்கு எது மருந்து, என் பசு ஏன் சினை பிடிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. அதற்கும் அவர் ஒரு கஷாயம் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆதிராவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. தாய் தகப்பன் இல்லாத பெண், அதனால் பேறுகாலம் இங்கேதான். ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஒரு வாரம் ஆகவில்லை, பிள்ளை மஞ்சளாய் வந்து, பால் குடிக்காமல் சுருண்டு, நாகர்கோவிலுக்குக் கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டது. அந்த நாளைப் பற்றி நான் அதிகம் பேசமாட்டேன். பேசினால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

அதற்கப்புறம் ஊர் ஒரு விசாரணை நடத்தியதே, அதைச் சொல்லவேண்டும். துஷ்டி கேட்க வந்தவர்களெல்லாம் கட்டங்காப்பி குடித்து முடிப்பதற்குள் டாக்டர்களாகிவிட்டார்கள். சாயங்காலம் ஏதோ பறவை வீட்டுக்கு மேலே பறந்ததாம், பட்சி தோஷம் என்றாள் ஒருத்தி. சூலியாக இருக்கும்போது பலாச் சக்கைப்பழம் தின்றாள், நான் கண்ணால் பார்த்தேன் என்றாள் இன்னொருத்தி. புதுக் கேட்டைத் தெற்கே வைத்ததுதான் காரணம் என்றார் ஒரு பெரிய மனுஷர். ஒரு வாத்தியார் செல்போன் டவரைக் கை காட்டினார். படித்தவர் அல்லவா. சுகாதார ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தவர்களை மட்டும் அண்ணாச்சி கேட்டிலேயே நிறுத்தி, கொடுத்தவன் எடுத்துக்கொண்டான், உங்களுக்கு இதில் என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். தெரிந்தவர்களை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் காரணம் சொன்னார்கள்.

கடைசியில் அண்ணாச்சி எங்கோ போய்ப் பிரசன்னம் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். தாயின் பாலில் தோஷமாம். நாக்கில் நரம்பில்லாமல் அதை ஆதிராவின் முகத்துக்கு நேரே சொன்னார். அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கடையில் சாமான் வாங்குவதை நிறுத்தினேன். உப்புக்குக்கூட அரை மைல் நடந்தேன்.

போன வருஷம் இரண்டாவது பிள்ளை பிறந்தது. அதுவும் ஆண். ஆஸ்பத்திரியிலேயே அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார், பிள்ளையை விற்றுவிட வேண்டும் என்று. இந்த நேர்ச்சை புதிய வழக்கம் ஒன்றுமில்லை. முன் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை வேறு வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்பார்கள். தவிட்டு விலைப் பிள்ளையை எமன்கூட ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்பது கணக்கு. ஒரு வயது திகையும்வரை, முதல் பிறந்தநாள் வரும்வரை, அந்த வீட்டில் யாரும் என் பிள்ளை என்று வாய் திறக்கக்கூடாது. வீட்டுத் துணி ஒன்றும் அதன் மேல் படக்கூடாது, இரந்து வாங்கிய பழந்துணிதான். நல்ல பேர் வைக்கக்கூடாது. பெற்றவள் கூலிக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி வந்து கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வாங்குகிறவள் வேற்று ஜாதியோ வேற்று மதமோ என்றால் ரொம்ப விசேஷம். நான் சி.எஸ்.ஐ. சபை. அதிர்ஷ்டம் என் வீட்டுச் சுவரில் முட்டியது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சபையில் தெரிந்தால் பெண்கள் ஐக்கியத்திலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆதிரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் இருந்தால் இதுவும் போய்விடும் அக்கா, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பெற்ற வலிகூட ஆறாத பெண். நான் வீட்டுக்குத் திரும்பி வந்து தவிடு அளந்தேன். பசு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

பிள்ளைக்குத் தவிடன் என்று பேர் விழுந்தது. என் தங்கை வீட்டுப் பிள்ளைகள் போட்டுக் கிழித்த சட்டைகளைச் சவக்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்துப் போட்டேன். ஆதிரா பகலில் நாலு தரம் மதில் இடைவெளி வழியாக வந்து பால் கொடுப்பாள். ராத்திரி என் வீட்டு முன்னறையில் வந்து படுப்பாள், கூலிக்காரி என்கிற பேரில். அதனால் என் வீட்டுக்காரர் ஜான்ரோஸ் வராந்தாவுக்குப் போனார். கண்டக்டர் உத்தியோகம், பகல் முழுக்க நின்றே பிழைப்பவர், ராத்திரி கொசுவுக்கு ரத்ததானம் செய்தார். மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வரும் ராஜகுமாரோ, நேசபாய் அக்காவுக்க பிள்ளை சுகமா இருக்கா என்று என்னிடம் கேட்பான். கேட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

பால் கொடுக்கும்போது ஆதிரா பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டாள். சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். முத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை. பார்த்தால், தொட்டால், என் பிள்ளை என்று மனசில் நினைத்தால்கூடப் போய்விடும் என்று பயம். பிள்ளை சிரித்து அவள் மூக்கைப் பிடிக்கும். அவள் மெதுவாகக் கையை எடுத்துவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணாச்சியின் கடைக்குப் போய்க் கல்லாப்பெட்டியைக் கவிழ்க்கவேண்டும் போலிருக்கும்.

ஊசி போடவேண்டிய நேரத்திலெல்லாம் நான்தான் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் வீடுகளுக்கு வந்துபோகிற பழைய நர்ஸுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். அவள் மாற்றலாகிப் போய், குலசேகரம் பக்கத்திலிருந்து அபினா என்று ஒரு சின்னப் பெண் புதிதாக வந்தாள். இரக்கமுள்ள பெண். அந்த இரக்கம்தான் வினையாயிற்று.

சர்க்கார் நோட்டில் ஊசிக் கணக்கு ஒன்றும் ஏறாததைப் பார்த்து அண்ணாச்சி வீட்டுக்குப் போய், பிள்ளை எங்கே என்று அபினா கேட்டிருக்கிறாள். இங்கே பிள்ளை கிடையாது என்றார் அண்ணாச்சி. ஆதிராவைக் கேட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லி ஆதிரா அழுதுவிட்டாள், வாயால் அதைச் சொல்லவேண்டி வருகிறபோதெல்லாம் அழுவாள். தெருவில் எதிர்ப்பட்ட இரண்டு பேரிடம் கேட்டாள். ஊர் முழுக்க நேர்ச்சைக்குக் கட்டுப்பட்டதல்லவா, அந்த வீட்டில் பிள்ளை இல்லை என்றார்கள். பக்கத்து வீட்டில் என்னிடம் கேட்டிருக்கலாம். நான் அன்றைக்குத் தவிடனைத் தூக்கிக்கொண்டு என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அபினா கண்ணைத் துடைத்துக்கொண்டே போய், இந்த வீட்டில் இரண்டாவது பிள்ளையும் இறந்துவிட்டது என்று மேலே சொல்லிவிட்டாள்.

பச்சைப்பிள்ளை இறந்தால் எதனால் இறந்தது என்று டாக்டரே வீட்டுக்கு வந்து கேட்கவேண்டும், இப்போது சட்டம் அப்படி. ஒரு காலையில் ஜீப் வந்தது. டாக்டர் நந்தனா, சின்ன வயதுதான், சாவு வீட்டுக்கு வருகிறோம் என்று நகைகூடப் போடாமல் வந்திருந்தாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். தவிடன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். வேறு பக்கம் காதைக் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

டாக்டர் ரொம்பப் பக்குவமாக ஆரம்பித்தாள். உங்கள் துக்கத்தில் கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள், இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக்கூடாது என்றுதான் கேட்கிறோம் என்றாள். ஆதிராவுக்குப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை, செத்தது என்று சொல்ல நாக்கும் வரவில்லை. அழுதாள். அபினாவும் கூட அழுதாள். கடைசியாகப் பிள்ளை பால் குடித்தது எப்போது என்று டாக்டர் கேட்டாள். ஆதிரா பொய் சொல்லத் தெரியாதவள், இன்றைக்குக் காலையில் என்று சொல்லிவிட்டாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று அபினா டாக்டரின் காதோடு, எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். டாக்டர் அண்ணாச்சியிடம் திரும்பி, எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டாள்.

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். ஒரு வயது திகைய இருபது நாள் கிடக்கும்போது இப்படி ஒரு வார்த்தையா? "யாருக்க பிள்ளைய எங்க அடக்க? வெளிய எறங்குங்கோ" என்றார்.

அடக்கம் செய்த இடத்தைச் சொல்ல மறுக்கிற வீட்டைப் பற்றி ஒரு டாக்டர் என்ன நினைப்பாள்? அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. குரலும் மாறிவிட்டது. இனிமேல் போலீஸோடு வரவேண்டியிருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் வீட்டுக்குள்ளிருந்து தவிடன் விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டினான். பசித்தால் அவனுக்கு மெதுவாக அழத் தெரியாது. அந்தச் சத்தம் கேட்டதும் ஆதிராவின் ரவிக்கை நனைந்தது. டாக்டர் அதைப் பார்த்தாள். பிறகு மதிலைப் பார்த்தாள். பிறகு மதிலுக்கு மேலே தெரிந்த என் தலையைப் பார்த்தாள்.

அடுத்த நிமிஷம் என் முற்றத்தில் நின்றார்கள். தவிடன் என் இடுப்பில். டாக்டர் என் நரைத்த தலையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது யாருடைய பிள்ளை என்று கேட்டாள். என்னுடையது என்றேன். பெற்றதா என்றாள். வாங்கியது என்றேன். யாரிடமிருந்து? அந்த வீட்டிலிருந்து. என்ன கொடுத்து?

"ஒரு நாழி தவிடு" என்றேன். நேர்மையாகப் பதில் சொன்னால் ஆபத்தில்லை என்று ஞாயிறு பள்ளியில் படித்த தோஷம்.

டாக்டர் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். அபினா அழுகையை நிறுத்திவிட்டுப் போனை எடுத்து, பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீஸுக்குப் போடட்டுமா டாக்டர் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கு மேலே ஏறியது. போடு, போட்டுச் சொல்லு, ராத்திரி இவன் ஒண்ணுக்குப் போன துணியைத் துவைத்தது யார் என்றும் சேர்த்துச் சொல்லு என்று கத்தினேன். அப்புறம் நேர்ச்சைக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். நடுவில் ஜான்ரோஸின் கொசுக்கடியையும் விடவில்லை. டாக்டர் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். இத்தனை சாவு விசாரித்திருக்கிறேன், செத்த பிள்ளை என் பேனாவைப் பிடுங்குவது இதுதான் முதல் தடவை என்றாள். தவிடன் பேனாவைத் தின்றுகொண்டிருந்தான்.

அதோடு போயிருக்கலாம். போகாமல், அப்படியென்றால் முதல் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

யாரும் இதுவரை ஆதிராவிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் சொல்லித்தான் இருக்கிறார்கள். மதில் இடைவெளியில் நின்றுகொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நல்ல நிறமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்தபிறகுதான் மஞ்சள் ஏறியது. மூத்திரம் பால் ஊற்றாத கட்டஞ்சாயா மாதிரி கறுத்துப் போயிற்று. டாக்டர் சிரிப்பதை நிறுத்தினாள். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. எதில் சுற்றி வைத்திருந்தீர்கள்?

இதற்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சிதான் பதில் சொன்னார், பெருமையாக. அவர் அப்பா காலத்துப் பட்டு. அந்த வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் அதில்தான் பொதிவார்களாம். பேரனின் பிறந்தநாளுக்காக அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் முற்றத்துக் கொடியில் போட்டிருந்தார். "ஒரு பூச்சி தொட்டதில்ல. கை நெறைய பாச்சை உருண்டை போட்டு வச்சிருக்கேன்லா" என்றார்.

டாக்டர் போய் அந்தப் பட்டை முகர்ந்து பார்த்தாள். இங்கே எனக்கே அந்த நெடி அடித்தது. துவைத்துவிட்டுத்தான் பிள்ளையைச் சுற்றினீர்களா என்று கேட்டாள். பட்டை யாராவது தண்ணீரில் முக்குவார்களா என்றார் அண்ணாச்சி.

டாக்டர் பட்டைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி சொன்னாள். சில ஆண் பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே ரத்தத்தில் ஒரு சத்துக் குறைவு இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த உருண்டை போட்ட துணியில் கிடந்தால் அவர்கள் ரத்தம் உடைந்து, மஞ்சள் ஏறி, தலைக்கு அடித்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது, அதனால்தான் இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ரத்தம் பார்க்காததால் சத்தியம் செய்து சொல்ல முடியாது, ஆனால் கேட்டதை வைத்துப் பார்த்தால் அதுதான் என்றாள். இந்தப் பிள்ளைக்கு என்ன துணி போட்டீர்கள் என்று என்னிடம் கேட்டாள். என் தங்கை வீட்டுக் கந்தல் என்றேன். அப்படியானால் உங்கள் நேர்ச்சை நல்லதுதான் செய்திருக்கிறது என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தவிட்டுக்கு விற்றதால்தான் பிழைத்தான் என்று அண்ணாச்சி இனி சாகிறவரை சொல்லுவார், அதை மறுத்துப் பேசவும் முடியாது.

ஆனால் அண்ணாச்சி அதைச் சொல்லவில்லை. கொடிக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பூச்சி அரிக்கப்பிடாதுன்னுதானே போட்டேன்" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. மூன்று வருஷமாக அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை, அது வேறு விஷயம்.

ஆதிரா டாக்டரின் பக்கத்தில் வந்தாள்.

"அப்போ எனக்க பாலு இல்லியா?" என்று கேட்டாள்.

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "பாலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. யாரு சொன்னா உங்ககிட்ட?" என்றாள். ஆதிரா யாரையும் கை காட்டவில்லை. அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பிள்ளைக்கும் அந்தக் குறைவு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும், இரண்டு நாளில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆனால் யாராவது ஒருத்தி தாய் என்று வந்து நிற்கவேண்டும் என்று டாக்டர் சொன்னாள். இன்னும் இருபது நாள் கிடக்கிறதே என்று அண்ணாச்சி வாய்க்குள் முனகினார். ஆதிரா அப்போதே போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. நான் தவிடனோடு பின்னால் ஓடி ஏறினேன். வழி முழுக்க அவன் என் மடியில்தான் இருந்தான். அவள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா, பயம் அதைவிடச் சீக்கிரம் விடுமா?

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறையில் ஊசியைப் பார்த்ததும் தவிடன் கூரை பறக்க அழுதான். தாய் வந்து பிள்ளையை மடியில் வைத்துப் பிடியுங்கள் என்றாள் அங்கிருந்த நர்ஸ். ஒரு வருஷப் பழக்கம், நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை ஊசிக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறேன். அவன் கையை நீட்டிப் பிடித்தும்விட்டேன்.

ஆதிரா கதவோரத்திலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.  முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தாங்கக்கா" என்றாள். "எனக்க பிள்ளை எனக்க மடியில கெடந்து அழட்டும்."

விலை கொடுத்து வாங்கியவள் நான். என் சம்மதத்தைக்கூடக் கேட்காமல் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டேன்.